இரண்டு கிராம் எங்கே?

சல்லடை என்றதும் உங்களுக்கு அடுப்படிதான் நினைவுக்கு வரும். எனக்கோ என் அப்பா நினைவுக்கு வருவார். சிவகாசியை அடுத்த ஒரு பட்டாசு ஆலையில் மருந்து சலிப்பது அவருடைய வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாமே எங்கள் ஊரில் 'மருந்து'தான். மாலையில் வீடு திரும்பும்போது அவர் நகக்கண்கள் வெள்ளிபோல் மின்னும். சிறு வயதில் அதை அழகு என்று எண்ணியிருந்தேன்.

இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில், பொடியின் பருமனை அளக்கும் முறையைச் சிஸ்டர் கற்றுத் தந்தார்கள். பட்டாசு மருந்தை நாங்கள் தொடலாகாது. ஆகவே வீட்டிலிருந்து அரிசி மாவு கொண்டு சென்றேன். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்களோ, அதுவே சல்லடையின் எண். 60-ஆம் எண் சல்லடையின் கண் 250 மைக்ரான். 100-ஆம் எண் சல்லடையின் கண் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பெரிய கண் மேலே, சிறிய கண் கீழே, அடியில் ஒரு தட்டு என அடுக்கினோம். 100 கிராம் மாவைக் கொட்டிப் பத்து நிமிடம் குலுக்கினோம். மேலே தங்கிய கப்பி 18 கிராம், நடுவில் 37, தட்டில் 43.

கூட்டினால் 98! மறுபடி நிறுத்தேன்; அதே 98. மற்றவர்கள் முன் வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது 43-ஐ 45 என்று திருத்திவிட்டேன்.

அன்றிரவு அப்பாவிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு கிராம் எங்க போச்சுன்னு பாத்தியாம்மா?" என்று கேட்டார். யோசித்தேன். மேசையில், சல்லடை விளிம்பில், என் சீருடையில் எல்லாம் மாவு படிந்திருந்தது. "எங்களுக்கு அந்த ரெண்டு கிராம்தாம்மா பயம். சலிக்கிறது பாதி வேலை. சிந்துனதத் தொடைச்சு எடுக்கிறதுதான் மீதி வேலை" என்றார்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் ஆயிரம் துண்டுகள். மேற்பரப்போ 60 சதுர சென்டிமீட்டர்! பொடி நைசாக நைசாகத் தீ விரைந்து பற்றும். கலந்த மருந்தின் தூசிக்கு ஓர் உரசல் போதும். நைலான் துணியில் எழும் சிறு மின்பொறியும் போதும். அப்பா பருத்திச் சட்டையே அணிவதும், ஒரு மருந்தின் சல்லடையில் வேறொன்றைச் சலிக்காததும் ஏன் என்று அன்றுதான் விளங்கிற்று.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைப் பற்றி அம்மா பேசமாட்டார். ஆனால் அப்பாவின் சைக்கிள் மணி கேட்கும்வரை வாசற்படியை விட்டு நகரமாட்டார்.

மறுநாள் சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். 45-ஐ அடித்துவிட்டு 43 என்று எழுதி, அதன் கீழே "சிந்தியது 2 கிராம்" என்றும் சேர்த்தேன். தோழியரே, கணக்கில் குறைவதை மறைக்காதீர்கள், தேடுங்கள். அதைத் தேடுகிறவராய் இருப்பதால்தான் என் அப்பா நாள்தோறும் வீடு திரும்புகிறார்.