பகல் 2 மணிக்குத் தூண்டிலைச் சுருட்டும் ஊர்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் தூண்டில் பிடிக்காத கை உண்டா? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மூங்கில் கழி, நாலு முழம் நரம்பு, பழைய பால் டின்னில் கொஞ்சம் மண்புழு. லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தால் கெளுத்தியோ விராலோ கிடைக்கும். கிடைத்தது அன்று இரவே குழம்பாகும். மீன் பிடிப்பது என்றால் நமக்குத் தெரிந்தது இதுதான்.

உலகத்தின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் மேற்கு மலைகளில், வேறு ஒரு காட்சி. வெகு தூரம் பயணம் செய்து வந்து, இடுப்பளவு குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக நின்று மீன் பிடிக்கிறார்கள். பிடித்த மீனைப் பெரும்பாலோர் அதே ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கோடை வெப்பம் கூடிவிட்டால், பொழுது இன்னும் மிச்சம் இருக்கும்போதே, பகல் 2 மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறுகிறார்கள்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்கத் தோன்றுகிறதா? வாருங்கள், மேடிசன் ஆற்றங்கரை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

மூன்று ஆறுகளின் நாடு

மொண்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே செல்லும் சாலை காலட்டின் ஆற்றை ஒட்டியே மலையிடுக்கில் ஏறுகிறது. ஏறத்தாழ 145 கிலோமீட்டர் கடந்தால் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்னும் சிற்றூர். கடல் மட்டத்துக்கு மேல் 6,600 அடிக்குச் சற்று அதிகமான உயரம். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரமும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் அங்கே தேயிலையைத் தேடாதீர்கள். குளிர்காலம் வந்தால் ஊரே பனிக்குள் புதைந்துவிடும்.

ஊரின் வாசலிலேயே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1872-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பூங்கா அது. அதற்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் மேடிசன் ஆறு பிறக்கிறது. ஃபயர்ஹோலில் நிலத்தடியிலிருந்து பொங்கும் வெந்நீர் ஊற்றுகள் கலக்கின்றன. ஒரு பக்கம் பனி உருகிய நீர், மறுபக்கம் ஆவி பறக்கும் நீர்!

மேடிசன் மலையை விட்டிறங்கி வடக்கே ஓடி, திரீ ஃபோர்க்ஸ் என்னுமிடத்தில் ஜெஃபர்சன், காலட்டின் ஆறுகளுடன் கூடுகிறது. அங்கிருந்து அதன் பெயர் மிசூரி. 1805-இல் அவ்வழியே வந்த லூயிஸ், கிளார்க் என்ற இருவர் அன்றைய அதிபர் பெயரையும் அவருடைய இரு அமைச்சர்கள் பெயரையும் மூன்று ஆறுகளுக்கும் சூட்டினார்கள். அவர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஷோஷோனி, பிளாக்ஃபீட் முதலிய பூர்வகுடிகள் அந்த ஆறுகளை அறிந்திருந்தார்கள் என்பதை நாம் மறக்க வேண்டாம்.

மலைநீரின் ராஜா

இத்தனை பேரை இழுக்கும் மீன் எது? டிரவுட் என்று பெயர். அந்த மலைகளுக்கே உரிய இனம் கட்த்ரோட். அதன் தாடைக்குக் கீழே கத்தியால் கீறியது போல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் டிரவுட், அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து மீன். பழுப்பு டிரவுட் 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தது.

இந்த வானவில் டிரவுட்டுக்கும் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக இதைக் கொண்டுபோய் இலங்கையின் நுவரெலியா மலையோடைகளிலும் நீலகிரி மலையோடைகளிலும் விட்டார்கள். மேலே நம் மக்கள் கொழுந்து பறிக்க, கீழே ஓடையில் துரைமார் தூண்டில் போட்டார்கள்!

டிரவுட்டின் உயிர் குளிர்ந்த நீரில் இருக்கிறது. நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு பிராணவாயு அதில் கரைந்திருக்கும். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மீனுக்குக் கொண்டாட்டம். 20 டிகிரியைத் தாண்டினால் திணறல். நமக்கு இதமாகத் தோன்றும் ஆற்றுநீர் அதற்கு மூச்சுமுட்டும் நீர்.

இறகால் செய்த ஈ

இனி அந்தத் தூண்டிலைப் பார்ப்போம். மண்புழு கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு, எல்க் மானின் முடி முதலியவற்றைக் கட்டி, பூச்சி போலவே ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். எல்க் மானின் முடிக்குள் காற்று அடைந்திருப்பதால் அது நீரில் மிதக்கும். இந்த வேலைக்கென்றே நல்ல இறகுள்ள சேவல்களை வளர்க்கிறவர்களும் அங்கே உண்டு.

நம் தூண்டிலில் ஈயக் குண்டு கட்டி எறிகிறோம். குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அவர்களுடைய ஈக்கு எடையே இல்லை. அதனால் கயிற்றுக்குக் கனம் கொடுத்திருக்கிறார்கள். 9 அடிக் கழியை முன்னும் பின்னும் வீச, கயிறு தலைக்கு மேல் வளைந்து நீண்டு, ஈயை நீர்மேல் பூப்போல இறக்கும். முன்பு இந்தக் கழிகளுக்குச் சிறந்த மூங்கில் சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து போயிற்று. இப்போது பெரும்பாலும் கிராஃபைட் கழிகள்.

ஜூன் மாதத்தில் பனி உருகி ஆறு கலங்கி ஓடும். மாதக் கடைசியில் தெளியத் தொடங்கும்போது, சால்மன் ஈ என்ற 2 அங்குல நீளப் பூச்சி கிளம்புகிறது. மழைக்குப் பின் நம்மூரில் ஈசல் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரப் புதர்களிலெல்லாம் அதுவாகவே இருக்கும். ஆகஸ்டில் புல்வெளியிலிருந்து காற்று அடித்துக் கொண்டுவரும் வெட்டுக்கிளிகள் ஆற்றில் விழும். மீன் அன்றைக்கு எதைத் தின்கிறதோ அதைப் போன்ற ஈயைத்தான் கட்ட வேண்டும். ஆற்றை உற்றுப் பார்க்கத் தெரியாதவனுக்கு அங்கே மீன் கிடையாது.

பிடித்தபின் விடுவதற்கும் முறை உண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மீனைக் கவ்விப் பிடிக்கும் எதிர்ப்பல் இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்தலாம். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடும். அதுதான் அதற்கு நோய் அண்டாமல் காக்கும் கவசம்.

ஆறு யாருக்குச் சொந்தம்?

ஆற்றின் இரு கரையும் பெரிய பண்ணைக்காரர்களின் நிலம். "என் நிலத்தின் வழியே ஓடும் ஆறு எனக்குத்தான்" என்று சிலர் வேலி போட்டார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1984-இல் மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1985-இல் அது சட்டமாயிற்று. பொதுச் சாலையிலிருந்தோ பாலத்திலிருந்தோ இறங்குகிறவர், வழக்கமான வெள்ளம் தொடும் கோட்டுக்குள் ஆற்றோடு நடந்து போகலாம், மீன் பிடிக்கலாம். கரை பணக்காரருடையதாக இருந்தாலும் ஆறு எல்லாருக்கும் பொது. பிறர் நிலத்தில் குடியிருந்து உழைத்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் பொதுச் சொத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. எல்லாருக்கும் சொந்தம் என்றால் எல்லாரும் அள்ளுவார்கள். மீன் குறையுமே என்று அரசாங்கம் தொட்டியில் வளர்த்த மீனை ஆண்டுதோறும் ஆற்றில் கொட்டி வந்தது. டிக் வின்சென்ட் என்ற மீன் ஆய்வாளர் 1960-களின் பிற்பகுதியிலிருந்து மேடிசன் மீன்களை எண்ணிப் பார்த்தார். தொட்டி மீனைக் கொட்டிய இடத்தில் ஆற்றில் பிறந்த மீன்கள் குறைந்திருந்தன. கொட்டுவதை நிறுத்திய இடத்தில் அவை பெருகின. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். தொட்டி மீனுக்கு நீந்தத் தெரியும்; ஆற்றில் பிழைக்கத்தான் தெரியவில்லை. எதிர்ப்புக் கிளம்பியும், தானாகப் பெருகும் டிரவுட் உள்ள ஆறுகளில் மீன் கொட்டுவதை மொண்டானா 1974-இல் நிறுத்திவிட்டது.

ஆந்தை நேரம்

இப்போது அந்த 2 மணிக் கதைக்கு வருவோம். அண்மைக் காலமாகப் பல ஆண்டுகளில் பனி முன்கூட்டியே உருகிவிடுகிறது. கோடையில் நீர் குறைகிறது, வயல்களுக்கும் பாய வேண்டும், வெயிலும் கூடுகிறது. ஆற்றுநீர் தொடர்ந்து 3 நாள் 23 டிகிரியைத் தொட்டால் அந்தப் பகுதியில் தடை விதிக்கலாம். பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது. பிடித்துவிட்டு விட்டாலும், சூடான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போய் எங்கோ செத்துவிடும். நீர் மிகவும் குளிர்ந்திருப்பது விடியற்காலையில்தான். ஆகவே காலையில் மட்டும் பிடி, பிறகு மீனை ஓய்வெடுக்க விடு என்பது விதி.

இதற்கு ஆந்தை நேரத் தடை என்று பேச்சுவழக்கில் பெயர். முற்காலத்தில் அங்கே மரம் அறுத்த தொழிலாளர்கள், பகல் வெயிலில் காட்டுத்தீ பிடிக்கும் என்று அஞ்சி, ஆந்தை அலறும் அதிகாலையிலேயே வேலையைத் தொடங்குவார்களாம். அதிலிருந்து வந்த பெயர்.

இருட்டோடு பிரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இது புதிய பாடமா? வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று நம் தாய்மார்களுக்கு எந்த ஆய்வாளரும் சொல்லித் தரவில்லை. மரத்துக்கு ஒரு நேரம் உண்டு. அதுபோலவே ஆற்றுக்கும் ஒரு நேரம் உண்டு.

தடையை மீறியாவது பிழைக்கலாம் என்று நினைக்க முடியாத நிலையும் வந்தது. 2016 ஆகஸ்டில், பக்கத்து யெல்லோஸ்டோன் ஆற்றில், சிறுநீரகத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயால் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீர் சூடாகவும் குறைவாகவும் இருந்ததால் நோயின் கடுமை கூடியது. 183 மைல் நீளத்துக்கு ஆற்றையே மூடினார்கள். படகும் இல்லை, குளியலும் இல்லை. வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் நல்ல சம்பாத்திய காலத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வாளி தூக்கிய கைகள்

மேடிசன் கரையில் என்னிஸ் என்று ஓர் ஊர். மக்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஊர்ப் பலகையில் 1 கோடியே 10 லட்சம் டிரவுட் என்று வேடிக்கையாக எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

2021 நவம்பர் 30-ஆம் தேதி, மேலே உள்ள ஹெப்கன் அணைக்கட்டின் மதகில் ஒரு பாகம் உடைந்துபோயிற்று. ஆற்றில் வரும் நீர் திடீரென்று பாதிக்கும் கீழே போய்விட்டது. கரையோரப் பள்ளங்களில் மீன்கள் சிக்கித் துடித்தன. செய்தி பரவியதும் ஊர்க்காரர்களும் சுற்றுப்புறத்து மக்களும் குளிரைப் பொருட்படுத்தாமல் ஆற்றில் இறங்கினார்கள். வாளியிலும் வலையிலும் வெறுங்கையிலும் மீனை அள்ளி ஆழமான நீரில் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ இரண்டு நாளில் மதகு சீராகி நீர் திரும்பியது. வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் அது ஒரு வேளைக் குழம்பு. ஆற்றில் விட்டது அந்த ஊரின் பல ஆண்டுச் சோறு.

வாசகர்களே, நாம் மீனை விட்டுவிட்டு வெறும் சோறு தின்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிழைப்பு வேறு, அவர்கள் பொழுதுபோக்கு வேறு. ஆனால் ஆற்றை வாழவைக்கும் முறை எங்கும் ஒன்றுதான். நம் சபா மாநிலத்துக் கிராம மக்கள் தாகால் என்ற முறையில், ஆற்றின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடி வைத்து, மீன் பெருகியபின் ஊரே கூடிப் பிடிக்கிறார்கள். நாமும் சில காரியங்கள் செய்யலாம். சினைமீனும் சிறுகுஞ்சும் அகப்பட்டால் திருப்பி விடலாம். துபா வேரை இடித்துக் கலக்குவதும் மின்சாரம் பாய்ச்சுவதும் ஆற்றின் அடிமடியில் கைவைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடு என்று நாம் அதோடு சேர்த்துக்கொள்வோம்.