ரோடு போடக் கூடாத காடு!

கொலராடோ என்றாலே நம்ம ஆளுங்களுக்குப் பனிச்சறுக்கு விளையாட்டுதான் ஞாபகம் வரும். அதை விடுங்க. அந்த மாநிலத்தின் மேற்குப் பக்கம், 133-ம் நம்பர் நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்புங்க. பியோனியா என்று ஒரு குட்டி ஊர். செர்ரி, ஆப்பிள், பீச் என்று தோட்டமா இருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சோமர்செட். பழத்தோட்டமெல்லாம் முடிஞ்சு போச்சு, இது நிலக்கரி ஊர்! அக்கம்பக்கத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் தாக்குப்பிடித்தது வெஸ்ட் எல்க் சுரங்கம்.

சுரங்கம் என்றால் கீழேதானே போகணும்? ம்ஹூம், நாம மலை மேலே ஏறணும். சுரங்கத்துக்கு மேலே இருப்பது கன்னிசன் தேசியக் காடு. ஆஸ்பென் மரங்கள் நிறைந்த அந்தக் காட்டில், 'சன்செட்' என்ற பகுதி 'ரோடு போடக் கூடாத இடம்' என்று சட்டப்படியே ஒதுக்கப்பட்டது. அங்கேதான் ரோடு வேணும் என்று சுரங்கம் கேட்டது.

அதுக்குக் காரணம் மீத்தேன். நிலக்கரியை வெட்டி எடுத்ததும் பின்னாடி கூரை இடிந்து விழும். அந்த இடிபாட்டிலிருந்து வாயு கசியும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிச்சிடும். அதனால் வேலை நடக்கிற இடத்தில் 1 சதவீதத்தைத் தொட்டாலே மெஷினை நிறுத்தணும், 1.5 ஆனால் ஆட்களை வெளியேத்தணும் என்பது அங்கே விதி. பெரிய ஃபேன் மட்டும் போதாத இடத்தில், மேலே காட்டிலிருந்தே துளை போட்டு வாயுவை உறிஞ்சி எடுக்கிறாங்க. துளை போட ரிக் வேணும். ரிக் வர ரோடு வேணும். மரம் போச்சு!

கீழே இருக்கிற தொழிலாளிக்கு அந்தத் துளை உயிர். மேலே இருக்கிற காட்டுக்கு அது காயம். ரெண்டும் நிஜம். இதில் வில்லன் யாருன்னு ஒரே நிமிஷத்தில் சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன்.

இந்த இடத்தில்தான் சுற்றுச்சூழல் இன்ஸ்பெக்டர் வர்றார். 1977-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின்படி சராசரியா மாசத்துக்கு ஒரு தடவை சோதனை, மூணு மாசத்துக்கு ஒரு முழுச் சோதனை. முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது! அவர் பார்க்கிறதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். ரோட்டுக்கு அடியில் தண்ணி போற குழாய் அடைச்சிருக்கா, மழையில் மண் கரைஞ்சு ஓடைக்குப் போகுதா, வழிச்சு எடுத்த மேல் மண்ணைத் தனியா குவிச்சு வெச்சிருக்காங்களா, அனுமதிச்ச அளவுக்கு மேல இடத்தை வளைச்சிட்டாங்களா? துளையின் வேலை முடிஞ்சதும் சிமென்ட் போட்டு அடைக்கணும். ரோட்டைக் கலைச்சு, சரிவைப் பழையபடி ஆக்கி, விதை தூவணும். மழை குறைந்த பகுதியென்றால் செடி வந்துச்சான்னு குறைஞ்சது 10 வருஷம் கம்பெனிதான் பொறுப்பு. அதுக்கு ஜாமீன் பணமும் கட்டியிருக்கணும்.

ஆனா, துளை வழியா வானத்துக்குப் போற மீத்தேன்? காற்று வேற இலாகாவாம்! 100 வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குற வாயு அது.

சண்டை கோர்ட்டுக்குப் போனது. சுரங்கங்களுக்காக 19 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கொடுத்த விதிவிலக்கை 2014-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி ரத்து செய்தார். நிலக்கரியின் லாபத்தைக் கணக்குப் போட்ட அரசு, அதனால் பருவநிலைக்கு வரும் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். 2016-ல் விதிவிலக்கு திரும்ப வந்தது. 2020 மார்ச்சில் மேல்கோர்ட், வேறொரு மாற்று யோசனையை அரசு பரிசீலிக்கவே இல்லை என்று மறுபடி தட்டியது. அதே வருஷம் ஜூனில் காட்டுக்குள் சுமார் ஒரு மைல் ரோடு போட்டாச்சு! மாநில ஆய்வுத்துறை 'நிறுத்து' என்று உத்தரவு போட்டது. மரம் விழுந்த பிறகு வந்த உத்தரவு.

வேற வழியே இல்லையா? அதே சோமர்செட்டில் எல்க் க்ரீக் என்ற இன்னொரு சுரங்கத்தின் மீத்தேனைப் பிடித்து, 2012-லேயே 3 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. பணம் போட்டது யார் தெரியுமா? ஆஸ்பென் பனிச்சறுக்கு கம்பெனி! பூமி சூடானால் பனி ஏது, வியாபாரம் ஏது?

போறதா இருந்தால் செப்டம்பர் கடைசியில் போங்க. 133-லிருந்து பிரியும் கெப்ளர் கணவாய் மண் ரோட்டில், ஆஸ்பென் இலைகள் மஞ்சளா மாறியிருக்கும். குளிர்காலத்தில் அந்த ரோட்டைப் பனி மூடிடும்.