65,000 ரூபாயும் ஒரு கேமிங் பொட்டியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்கு ஒரு பொட்டி கதை. பொட்டி தட்டுறவன் பொட்டியைப் பத்தித்தானே எழுதணும்?

சொந்தக்காரங்க மத்தியில ஒரு நம்பிக்கை உண்டு. பையன் சாப்ட்வேர்ல இருக்கான்னா கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேய்வான்னு. நான் ஈசிஇ படிச்சுட்டு, ஜாவா எழுதிக்கிட்டு, கம்பெனி குடுத்த லேப்டாப்போட காலம் தள்ளுற ஆளு. ஆனா ஹாஸ்டல்ல எவன் பொட்டி படுத்தாலும் ஸ்க்ரூ டிரைவரோட என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பெருமை கோவில்பட்டி வரைக்கும் பரவியிருக்கு.

சித்தப்பா பையன் டிப்ளமோ முடிச்சுட்டு ஒரகடம் பக்கம் ஒரு பேக்டரில ட்ரெய்னி. 2024 ஆகஸ்ட்ல போன் பண்ணினான். "அண்ணே, 65,000 சேர்த்து வச்சிருக்கேன். மானிட்டரோட சேர்த்து ஒரு கேமிங் பிசி முடியுமா?" வீட்டுக்கு அனுப்பினது போக, 14 மாசமா ஓவர்டைம் காசைத் தொடாம வச்சிருந்திருக்கான்.

விஷயம் ஊருக்குப் போயிடுச்சு. சித்தப்பா நேரா எனக்கே போன். "ஏலே, வெளையாடுததுக்கு அறுவத்தஞ்சாயிரமா? ஒரு பவுனு வாங்கிப் போட்டாலும் மிச்சம் இருக்குமே. நீயும் சேந்துக்கிட்டு ஆடுதியா?" அன்னைக்குப் பவுன் விலைக்கு அவர் கணக்கு கரெக்ட்டுதான். தம்பிகிட்ட, "படிக்கறதுக்குன்னு சொல்லிடுவோமாடா?"ன்னு கேட்டேன். "எதுக்குண்ணே? வெளையாடத்தான் வாங்குறேன், என் காசுல"ன்னுட்டான். அதுக்கு மேல நான் என்ன பேச? ஒரு பைசா எக்ஸ்ட்ரா போகக்கூடாது, ரெண்டு வருஷத்துல புஸ்ஸுன்னு போகவும் கூடாது. இதான் எனக்கு வந்த ரெக்வயர்மென்ட்.

எல்லாரும் பிராசஸர்ல ஆரம்பிச்சு, மிச்சக் காசுக்கு மானிட்டர் பார்ப்பாங்க. நான் தலைகீழா ஆரம்பிச்சேன். எந்தத் திரையில, என்ன கேம் ஆடப் போறான்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம். 1080பி திரையில சுமார் 20 லட்சம் புள்ளி. 1440பி-ன்னா கிட்டத்தட்ட 37 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் அத்தனை புள்ளியையும் கிராபிக்ஸ் கார்டுதான் வரையணும். மானிட்டர்ல ஆசைப்பட்டா கார்டுலயும் அழணும். அதனால 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாம. தம்பி ஆடுறது வேலரன்ட். சைபர்பங்க் 2077 ஆடணும்னு ஒரு கனவு. முதல் கேமுக்குப் பிராசஸர் முக்கியம், ரெண்டாவது கேம் கார்டைப் பிழிஞ்சு எடுக்கும்.

கார்டுலதான் பஞ்சாயத்து. ஆர்எக்ஸ் 6600 அப்ப 20,000 சொச்சம். ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட 9,000 அதிகம். ரெண்டுலயும் 8 ஜிபி மெமரிதான். 4060 வேகம் கூட, டிஎல்எஸ்எஸ் உண்டு, கரண்டும் கம்மி: 6600-க்கு 132 வாட், இதுக்கு 115. நல்ல கார்டுதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த 9,000-ஐ எங்கேருந்து எடுக்கறது? எஸ்எம்பிஎஸ்ல, எஸ்எஸ்டில, ராம்ல கை வைக்கணும். "மிச்சத்தை நான் போடுறேன்டா"ன்னு சொன்னேன். "வேணாம்ணே, அப்புறம் இது நம்ம ரெண்டு பேரு பொட்டியாயிரும்"னு சிரிச்சான். இருவது வயசுப் பய. அன்னைக்கு அவன் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு. 6600 முடிவாச்சு.

பிராசஸர் ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட், கூலர் பெட்டிக்குள்ளயே வரும். இங்க ஒரு எழுத்து விஷயம் இருக்கு. 5600ஜி-ன்னு ஒண்ணு உண்டு. அதுல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும், ஆனா எல்3 கேஷ் 16 எம்பி. ஜி இல்லாத 5600-ல 32 எம்பி. தனி கார்டு போடறவங்களுக்கு ஜி இல்லாததுதான் லாபம். ஒண்ணே ஒண்ணு, ஜி இல்லாததுல கார்டு இல்லாம திரையில படமே வராது. மானிட்டர் ஒயரைப் போர்டுல குத்திட்டு "டிஸ்ப்ளே வரல"ன்னு அழக்கூடாது. கார்டுல குத்தணும்.

புது ஏஎம்5 பக்கம் போகலாமேன்னு நீங்க கேட்பீங்க. போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்னுடும். பழைய ஏஎம்4-லயே பின்னாடி 5700எக்ஸ்3டி மாதிரி ஒண்ணை மாத்திக்க வழி இருக்கு. அதனால பி450 போர்டு. பிசிஐஇ 3.0-தான், 6600-க்குக் கொஞ்சூண்டு வேகம் குறையும், பரவாயில்ல. பயாஸ் அப்டேட் ஆகியிருக்கான்னு மட்டும் கடையில கேட்டு வாங்கிடணும். இல்லைன்னா 5000 சீரிஸ் பிராசஸரை அதுக்கு அடையாளமே தெரியாது.

ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டுலேருந்து உள்ள திரும்பினதுமே "சார், லேப்டாப்பா, சிசிடிவியா?"ன்னு கையைப் பிடிச்சு இழுக்காத குறை. ஒரு கடையில லிஸ்ட்டை நீட்டினோம். கடைக்காரர் பார்த்துட்டு, "எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,000 எதுக்கு தம்பி? இந்தக் கேபினட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ் ப்ரீயா வருது. அந்தக் காசுல நாலு ஆர்ஜிபி பேன் போடுங்க, சும்மா தகதகன்னு இருக்கும்"னார். தம்பி கண்ணு அந்த லைட்டுலயே நிக்குது. பாவம், ஆசை இருக்காதா?

ப்ரீ எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பின்னாடி ஸ்டிக்கரைக் காட்டினேன். பெரிசா எழுதியிருக்கிற 500 வாட்டை விடுங்க. பிராசஸரும் கார்டும் சாப்பிடறது 12 வோல்ட்ல. அந்தக் கட்டத்துல எத்தனை ஆம்பியர்னு பார்த்து, 12-ஆல பெருக்குங்க. 38 ஆம்பியர்னா 456 வாட், நேர்மையான பொருள். 18-னு போட்டிருந்தா 216 வாட்தான், மிச்சமெல்லாம் கணக்குல வர்ற ஏட்டுச் சுரைக்காய். பின்னாடி 115/230-னு சிவப்பு ஸ்விட்ச் வேற இருந்தது. ஆக்டிவ் பிஎப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள்ல பெரும்பாலும் அந்த ஸ்விட்சே இருக்காது. பலதும் 100-லேருந்து 240 வோல்ட் வரைக்கும் தானா சமாளிக்கும்.

தம்பி ரூம்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வோல்டேஜ் இறங்கி ட்யூப்லைட்டே கண்ணடிக்கும். அங்க அந்த ப்ரீ ஐட்டத்தை மாட்டினா, அது போறப்ப தனியாப் போகாது. 20,000 ரூபா கார்டையும் கையோட கூட்டிட்டுப் போக வாய்ப்பிருக்கு. 14 மாச ஓவர்டைமுக்கு முன்னாடி நிக்கற ஒரே காவல்காரன் அந்தத் தகர டப்பாதான். இதைச் சொன்னதும் தம்பியே, "லைட்டு வேணாம்ணா, அந்த 4,000 ரூவாதையே குடுங்க"ன்னுட்டான். இன்னொண்ணு, 80 ப்ளஸ் பிரான்ஸ்னா பாதி லோடுல சுமார் 85 சதவீதம் எபிஷியன்சி, அவ்வளவுதான். தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இல்ல. வாரன்டி எத்தனை வருஷம்னும் பாருங்க.

ராம்லயும் ஒரு முயற்சி நடந்தது. "ஒரே 16 ஜிபியாப் போட்டுக்கங்க, பின்னாடி சேர்த்துக்கலாம்." ரெண்டு 8 போட்டா மெமரிக்கு ரெண்டு பாதை, கேம்ல வித்தியாசம் தெரியும். ரெண்டாத்தான் வாங்கினோம்.

கடைசி பில்:

ரைசன் 5 5600 – 11,500
பி450 போர்டு – 5,900
8+8 ஜிபி டிடிஆர்4 3200 – 3,400
1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி – 5,400
ஆர்எக்ஸ் 6600 – 20,000
550 வாட் எஸ்எம்பிஎஸ் – 4,000
கேபினட், முன்னாடி வலை வச்சது – 2,900
மானிட்டர் – 9,500
கீபோர்டு, மவுஸ் – 1,400
ஸ்பைக் கார்டு – 600

மொத்தம் 64,600. மிச்சம் 400-க்கு ரெண்டு பிரியாணி. விண்டோஸ் லைசன்ஸ் அடுத்த மாச ஓவர்டைம்ல.

மாட்டி முடிச்சதும் ரெண்டு வேலை மறக்காதீங்க. பயாஸ்ல எக்ஸ்எம்பி-ஐ ஆன் பண்ணலைன்னா 3200-னு காசு குடுத்து வாங்கின ராம் அதைவிட மெதுவாத்தான் ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில 144-ஐத் தேர்ந்தெடுக்கலைன்னா மானிட்டர் 60-லயே நிக்கலாம். வேலரன்ட் பறக்குது. சைபர்பங்க் மீடியமும் ஹையும் கலந்து, எப்எஸ்ஆர் துணையோட 60-ஐ ஒட்டி ஓடுது.

சித்தப்பா ஒரு வாட்டி ரூமுக்கு வந்தப்ப பொட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாராம். திட்டல. "கரண்டு பில்லு எம்புட்டுல வரும்?"னு மட்டும் கேட்டிருக்கார். ஆடும்போது எல்லாம் சேர்ந்து 250 வாட்டுன்னு வச்சாலும், தினம் மூணு மணி நேரத்துக்கு மாசம் 22, 23 யூனிட். தம்பி அதையும் கணக்குப் போட்டே வச்சிருந்தான்.

இந்த விலையை அப்படியே எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிடாதீங்க சாமி. 2025 கடைசி மாசங்கள்ல ராம் விலை தாறுமாறா ஏறுச்சு. ஏஐ சர்வர்களுக்கான மெமரிப் பக்கம் கம்பெனிகள் திரும்பினதுதான் காரணம். கார்டுலயும் 2025-ல ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டின்னு அடுத்த செட் வந்துடுச்சு. 9060 எக்ஸ்டில 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு உண்டு, பேர் ஒண்ணுதான், பார்த்து வாங்குங்க. நம்பர் எல்லாம் மாறும். திரை, கேம், கார்டு, பிராசஸர்ங்கற வரிசையும், கண்ணுக்குத் தெரியாத இடத்துல காசைக் குறைக்காதீங்கங்கறதும் இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "தம்பி, எனக்கும் ஒரு பொட்டி"ன்னு கூப்பிடறவங்க, மொதல்ல உங்க வீட்டு வோல்டேஜைச் சொல்லுங்க. பிரியாணி உங்க செலவு.