தேடத் தெரியாமல் தேடினோம்

2025 ஜனவரியில், ரஜப் மாதத்தின் முதல் வாரத்தில், நம் ராத்தா சர்க்கரை நோய்க்கு உட்கொண்டு வந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாட்கள் கழிந்து, தாகம் அடங்கவில்லை, தலை சுற்றுகிறது என்று படுத்தபோதுதான் செய்தி வெளியாயிற்று. அன்று வெறும் வயிற்றில் சோதித்த சர்க்கரை 286.

இலவங்கப்பட்டைக் கஷாயத்தை நாற்பது நாட்கள் பருகினால் சர்க்கரை நோய் அடியோடு அகலும், அதன்பின் மாத்திரையே வேண்டியதில்லை என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கண்டுபிடிப்பாம். எந்தப் பல்கலைக்கழகம் என்ற விவரம் அதில் இல்லை. ராத்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. வரும் ரமளானில் மாத்திரைத் தொல்லையின்றி முப்பது நோன்பையும் நோற்றுவிட வேண்டும் என்பது அவர்களது தீராத ஆசை. அந்த ஆசைக்கு இச்செய்தி வாய்த்தது.

இதில் நமக்கும் பங்குண்டு. அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது. மாத்திரையை நிறுத்துவதற்கு இரண்டு நாட்கள் முன்பு, “தம்பி, நீ படித்தவன். இது மெய்தானா என்று பார்த்துச் சொல்லு” என்று கைப்பேசியை நம்மிடம் நீட்டினார்கள். நாமும் பார்த்தோம். ‘இலவங்கப்பட்டை சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று கூகுளில் தட்டினோம். பக்கம் பக்கமாக, குணப்படுத்தும், குணப்படுத்தும் என்றே வந்தது. “ஆமாம் ராத்தா, நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்” என்றோம். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவர்கள் நம் வாயிலிருந்து பெற்றுக்கொண்டு போனார்கள்.

ராத்தாவின் மகள் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறாள். தாயாரைப் பார்க்க ஓடிவந்தவள், மருத்துவரிடம் காட்டித் திரும்பிய மாலையில், நாம் தேடிய விதத்தைக் கேட்டாள். காட்டினோம். அவள் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்கள் கேள்வி கேட்கவே இல்லை மாமா. விடையை அல்லவா தட்டியிருக்கிறீர்கள்!” என்றாள்.

நாம் தட்டும் சொற்கள் எந்தப் பக்கங்களில் பொருந்தி நிற்கின்றனவோ அவற்றையே தேடுபொறி முன்னே நிறுத்துகிறது. ‘குணப்படுத்தும்’ என்று தட்டினால் குணப்படுத்தும் என்று எழுதியவர்களெல்லாம் கூடி வந்து நிற்பார்கள். சாட்சிக்கு நாமே ஆள் பிடித்துவிட்டு, ஊரே சொல்கிறது என்று மகிழ்ந்ததற்கு ஒப்பாகும் இது. அவள் அச்சொல்லை நீக்கி, ‘இலவங்கப்பட்டை நீரிழிவு ஆய்வு’ என்று மட்டும் தட்டினாள். வந்த பக்கங்களின் முகமே மாறிற்று.

அடுத்து அவள் செய்தது நம்மைத் திடுக்கிடச் செய்தது. வாட்ஸ்அப் செய்தியின் ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினாள். அவ்வாறு இட்டால், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டுமே வரும். எழுத்துப் பிழை ஒன்றுகூட மாறாமல், அதே வாக்கியம் பல பக்கங்களில் கிடந்தது. நாம் நிறையப் பேர் என்று எண்ணியது ஒரே ஒருவரை. ஏனையோர் அவரைப் பார்த்து எழுதியவர்கள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த முன்னோர்கள், ஒரு செய்தி எத்தனை வாய்களில் வழங்குகிறது என்பதோடு நில்லாமல், அது எவர் வழியே வந்தது, அவர் எத்தகையவர் என்று துருவினார்கள். மேடையில் பலமுறை பேசிய பொருள்தான். கைப்பேசியைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிற்று.

முதலில் நின்ற பக்கத்தை உடையவர் யார் என்று பார்ப்போம் என்றாள். அந்தப் பக்கத்துக்குள்ளேயே ‘எம்மைப் பற்றி’ என்ற பகுதியைத் தேடினோம் நாம். அவளோ அதை விட்டு வெளியே வந்து, அந்நிறுவனத்தின் பெயரை வேறாகத் தேடினாள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அப்போது சொன்னாள். வரலாற்று அறிஞர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர், செய்திகளின் உண்மை சரிபார்ப்போர் 10 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களிலும் பலர் பக்கத்தின் அழகிலும் பெயரின் கம்பீரத்திலும் ஏமாந்தனர். சரிபார்ப்போரோ பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிராமல், உடனே வெளியேறி, பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தனர். விரைவாகவும் சரியாகவும் முடிவுகண்டவர்கள் அவர்களே. நம் பக்கத்துக்குரியவர் யார் தெரியுமா? பட்டைத் தூளைக் குப்பியில் அடைத்து விற்பவர்!

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இலவங்கப்பட்டை, லவங்கப்பட்டை, பட்டை, இலங்கையில் கறுவாப்பட்டை. சர்க்கரை வியாதி, நீரிழிவு. ஒன்றில் கிட்டாதது மற்றொன்றில் கிட்டும். உமறுப் புலவரை ‘உமரு’ என்று தட்டிவிட்டு ஒன்றும் அகப்படவில்லை என்று சலித்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இது தெரிந்திருத்தல் நலம். மருத்துவச் செய்திக்கு ஆங்கிலச் சொல்லையும் இட்டுப் பார்க்கத்தான் வேண்டும். தேடும் சொற்களோடு ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியின்றி ஓர் அமைப்பின் இணைய முகவரியைச் சேர்த்தால், அவ்வமைப்பின் பக்கங்களுக்குள் மட்டும் தேடலாம். அவ்வாறு காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் பக்கங்களில் தேடினோம். இலவங்கப்பட்டையைப் பற்றிய 10 சோதனைகளை, 577 பேர் பங்குகொண்டவற்றை, 2012இல் ஒருசேர ஆராய்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது முடிவு. அது பழைய ஆண்டாயிற்றே என்று பிந்தியவற்றையும் பார்த்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைவதாகச் சில கூறுகின்றன. மாத்திரையை விட்டுவிடலாம் என்று நாம் கண்ட எந்த ஆய்வும் கூறவில்லை. மலிவான காசியாப் பட்டையில் உள்ள கூமரின் என்னும் பொருள் மிகுந்தால் ஈரலுக்குக் கேடு என்று ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இலேயே எச்சரித்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. ராத்தா நாள்தோறும் இருவேளை கொதிக்கவைத்துப் பருகியது எந்தப் பட்டையோ!

இப்போதெல்லாம் கூகுளில் பக்கங்களுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை ஒன்றும் வருகிறது. அதையும் அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை; அதன் ஓரத்தில் காட்டப்படும் மூலப் பக்கங்களைத் திறந்து, அங்கே உண்மையில் அவ்வாறுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். ஓரிடத்தில் இல்லை.

பின்னர் அவள் தாயாருக்காக வேறொன்றைத் தேடினாள். மாத்திரையா நோன்பா என்பதுதான் ராத்தாவின் கவலை. அக்கேள்வியை நாம் தேடவே இல்லை. பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பும், நீரிழிவும் ரமளானும் பற்றிய பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து வழிகாட்டி நூலொன்றை 2016இல் வெளியிட்டு, 2021இல் புதுப்பித்திருக்கின்றன. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் துறக்க வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றெல்லாம் அதில் விளக்கமாக இருக்கிறது. ரமளானுக்கு ஆறு வாரங்களே இருந்தன. அந்தப் பக்கங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். அவர் படித்துப் பார்த்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் நோன்புக்கேற்ப மாற்றித் தந்தார்.

ராத்தா அந்த ரமளானில் இருபத்து மூன்று நோன்புகள் நோற்றார்கள். இரண்டு நாள் பகலில் சர்க்கரை இறங்கியதால் நோன்பைத் துறந்தார்கள். எஞ்சியவற்றை மருத்துவர் சொற்படி தொடங்கவே இல்லை. விட்ட நாட்களை எண்ணி அழுதார்கள், பிறகு தேறினார்கள்.

செய்தி அனுப்பிய உறவினருக்கு, நாம் கண்டவற்றையெல்லாம் மரியாதையாக எழுதி அனுப்பினோம். மறுமொழி இல்லை. ஷவ்வால் பிறந்து நான்காம் நாள், மூட்டுவலிக்கு ஒரு கஷாயம் அவரிடமிருந்து வந்தது. ராத்தா அதை நம்மிடம் காட்டவில்லை. நேரே மகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.