வார் அறுந்தால்

குனியாமலும், கையால் தொடாமலும், நின்ற நிலையிலேயே காலை நுழைத்துக்கொண்டு கிளம்பவும், அதே வேகத்தில் உதறிவிட்டு உள்ளே போகவும் இடம் கொடுக்கிற சாதாரணச் செருப்பைப் போல நம் ஜீவனத்துக்குப் பொருத்தமான வஸ்து வேறொன்று உண்டா என்பது சந்தேகந்தான். சொந்த வீட்டு வாசல், பிறத்தியார் வீட்டு வாசல், கோயில், வைத்தியரின் அறை, சில ஜவுளிக் கடைகள் என்று ஒரு நாளில் எத்தனை இடங்களில் நாம் அதைக் கழற்றுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், கயிறு கட்டுகிற பூட்ஸ் ஏன் இந்தத் தேசத்தில் போலீஸோடும் பள்ளிக்கூடத்தோடும் ஆபீஸோடும் நின்றுவிட்டது என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆனால் அதை வாங்கும்போது நாம் நடந்துகொள்கிற விதம் விசித்திரமானது. கடையில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் முதலில் கட்டைவிரலால் செருப்பின் அடியை அழுத்திப் பார்க்கிறார்கள். அது மெத்தென்று அமுங்கினால் முகம் மலர்கிறது. பிறகு வழவழப்பான கடைத் தரையில் நாலடி நடந்துவிட்டு, திருப்தியோடு பணத்தை எடுக்கிறார்கள். வாரை இழுத்துப் பார்க்கிறவர், அது அடியோடு சேருகிற இடத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் அபூர்வம். என் அபிப்பிராயத்தில், சௌகரியம் அடியில் இருக்கிறதென்றால் ஆயுள் வாரில் இருக்கிறது. அடி தேய்ந்து மாண்ட செருப்புகளைவிட வார் அறுந்து மாண்டவையே உலகத்தில் அதிகம். குதிகாலைப் பின்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத செருப்பில், காலைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் விரல்கள் தம்மை அறியாமலே இறுகிப் பிடிக்க, பிடித்த இழுப்பு முழுவதும் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு புள்ளியில் போய் இறங்குகிறது. ரிஷிகள் தரித்த மரப் பாதுகையிலும் பாரம் விழுந்தது அந்த ஒற்றைக் குமிழின்மேல்தான். ஸ்ரீரங்கநாதரின் பாதுகையைப் பற்றி 1008 சுலோகங்கள் பாடிய வேதாந்த தேசிகருக்கு அந்தக் குமிழைப் பற்றிய கவலை இருந்திருக்க நியாயமில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நமக்கு இருக்கிறது.

தோல் செருப்பின் குணமே தனி. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோல் முதல் நாளே இணங்கி வருவதில்லை. விறைப்பாக வந்து, புறங்காலின் மேட்டிலும் விரலிடுக்கிலும் கடிக்கும். கடித்த இடம் சிவந்து கொப்புளிக்கும். வீட்டில் ஒருவர் மஞ்சளையும் மற்றொருவர் தேங்காயெண்ணெயையும் சிபாரிசு செய்வார்கள். வாரின் உட்புறத்தில் விளக்கெண்ணெயைத் தடவி இரவு முழுதும் ஊறவிட்டு, பொறுமையோடு கொஞ்ச தூரம் கொஞ்ச தூரமாக நடந்து பழக்கினால், மாதம் ஒன்று கழிவதற்குள் ஐந்து விரல்களும் தத்தமக்கு ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு அதில் குடியேறிவிடும். பிறகு அந்தச் செருப்பு வேறொருவர் காலுக்கு உதவாது. கோயில் வாசலில் அதைத் தவறுதலாக மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவர், தெருமுனை திரும்புவதற்குள் தம் கால்களாலேயே எச்சரிக்கப்பட்டு மீண்டு வருவார். மீண்டு வராதவரை வேறு கணக்கில் சேர்க்கவேண்டும். தோல் செருப்புக்குத் தண்ணீர்தான் சத்துரு. நனைந்ததை நிழலில் உலர்த்தாமல் அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரத்திலேயே கிடந்தால் தையல் நூல் இற்றுப்போகும்.

அப்படிப்பட்ட ஒரு தோல் ஜோடியின் சரித்திரம் பிரசித்தமானது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டபோது, காந்தியின் நண்பர் காலன்பாக் மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் பண்ணைவாசிகள் கற்றார்கள், அவர்களில் தமிழர் பலர். பின்னர்ச் சிறையில் இருக்கும்போது தைத்த ஒரு ஜோடியை, 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் சமயத்தில், தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் காந்தி காணிக்கையாக அனுப்பினார். ஸ்மட்ஸ் அவற்றைப் பல கோடைகாலங்கள் அணிந்துவிட்டு, 1939-இல் காந்தியின் 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார். இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் இருவருடைய பெருந்தன்மையையும் வியக்கிறார்கள்; வியக்கத்தக்கதுதான். எனக்கோ, கால் நூற்றாண்டு கழித்தும் திருப்பி அனுப்பத்தக்க உருவத்தோடு அந்தச் செருப்பு இருந்தது என்பதே முதலில் கண்ணில் படுகிறது. விரோதிக்குத் தைப்பதுதானே என்று காந்தி வாரில் சிக்கனம் காட்டவில்லை.

இந்தத் தோல் மகாத்மியமெல்லாம் வாங்கச் சக்தி உள்ளவர்களுக்கு. மற்றவர்களின் காலுக்கு வந்தது ரப்பர்ச் செருப்பு. ஜப்பானியர் வைக்கோலில் பின்னி அணிந்த ‘ஸோரி’ இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ரப்பர் ரூபம் எடுத்து உலகைச் சுற்றியது. 1962-இல் பிரேசிலில் அதை ‘ஹவயானாஸ்’ என்று செய்து விற்றவர்கள், அந்த வைக்கோல் பின்னலின் ஞாபகார்த்தமாக அடியின் மேற்பரப்பில் அரிசிமணிக் கோலம் ஒன்றைப் பதித்தார்கள். நமக்கு அது ஹவாய்ச் செருப்பு. யாழ்ப்பாணத்தாருக்கு எந்தக் கம்பெனியார் செய்ததானாலும் அது பாட்டாதான். மேலே வெள்ளை, கீழே நீலம், நீல வார் என்ற அந்த எளிய வேஷத்தில், வெறுங்காலே விதியென்றிருந்த லட்சோபலட்சம் பேருக்கு முள்ளிலிருந்தும் உருகும் தாரிலிருந்தும் விமோசனம் கிடைத்தது. செருப்பு வாங்கக் காசு கிடைத்த பிறகும், மேல்சாதியார் தெரு வந்தவுடன் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் இதே தமிழ்நாட்டில் இருந்தார்கள். சில ஊர்களில் அந்தக் கொடுமை அண்மைக் காலம் வரையில் நீடித்தது. அவர்களிடத்தில் போய், அடி மெத்தென்று இருக்கிறதா என்று விசாரிப்பது அசட்டுத்தனம்.

ஹவாய்ச் செருப்பை நான் உயர்வாக மதிப்பதற்கு முக்கிய காரணம், அது தன் பலவீனத்தை ஒளிப்பதில்லை என்பது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் மீள்தன்மையும் பெறும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது முதல், நல்ல ரப்பரின் அடியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. குதிகால் ஓரத்தில் நீலம் தேய்ந்து, வெள்ளை தெரிந்து, பிறகுதான் அது ஓட்டையாகும். அதற்கு முன்பே வார் அறுந்துவிடும் என்பதை அதைச் செய்தவன் அறிந்திருந்தபடியால், மூன்று துவாரம், மூன்று குமிழ் என்று வாரைத் தனியாகவே வைத்தான். துவாரத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, புது வாரின் குமிழைத் திருகித் திணித்து, அடிப்புறத்தில் அது எட்டிப் பார்த்ததும் விரலால் பற்றிச் சுண்டி இழுத்தால் காரியம் முடிந்தது. புது வார் வாங்க அவகாசம் இல்லாதவர்கள், பிய்ந்த குமிழுக்குப் பதிலாகக் காம்பின் குறுக்கே ஓர் ஊக்கைச் செருகிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு மாதக்கணக்கில் நடந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது வேஷ்டியின் பின்புறத்தில் இடுப்பு வரையில் சேற்றுப் புள்ளி வைத்துவிடும் என்பதும், பாசி பிடித்த கிணற்றடியில் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதும் உண்மையே. குறையில்லாத செருப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

சௌகரியம் என்றால் என்ன என்பதைக் குறித்து மிக ஆழ்ந்து சிந்தித்தவர்களில் வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய் வைத்தியர்களுக்குத் தனி இடம் உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும், நோயாளியின் பாதத்தில் ஆறாமல் கிடக்கிற புண் நோய் சதையைத் தின்பதால் ஏற்படுவதன்று, உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தத்தைத் தாங்குவதால் ஏற்படுவது என்பதைத் தெளிவாக்கினார்கள். நமக்கு ஓரிடம் உறுத்தினால், நாம் அறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம், நின்று கல்லை உதறுகிறோம். அந்த நோயாளிகளுக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதே இல்லை. ஆகவே அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிற நுண்துளை ரப்பர் மேலே, முள் துளைக்காத கெட்டி அடி கீழே என்று அவர்களுக்கென ஒரு செருப்பு உருவாயிற்று. பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் அது பெருவாரியாகப் பழக்கத்துக்கு வந்தது. அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மேலே கிளம்பினால் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் அவசியம். செருப்பு நழுவி எங்கோ விழுந்துவிட்டாலும் காலுக்குத் தெரியாது. சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்கும் இதே விதிதான்; நான் புகழ்கிற நுழைத்துப் போடுகிற செருப்பு அவர்களுக்கு ஆகாது. இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்ட நாள் முதல், கடிக்கிற செருப்பின்மேல் எனக்கு இருந்த கோபம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது கடைகளில் நிரம்பி இருப்பவை அடியும் வாரும் ஒரே வார்ப்பாக வருகிற, பஞ்சுபோல் கனமற்ற செருப்புகள். கட்டைவிரல் பரீட்சையில் அவற்றை வெல்ல எதனாலும் முடியாது. தண்ணீருக்கு அஞ்சாதவை, கழுவினால் புதிதாகி விடுபவை என்ற பெருமைகளையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தக் காற்றுக் குமிழிகள் அந்த மென்மையைத் தந்தனவோ, அவை குதிகாலின் கீழும் கட்டைவிரலின் கீழும் நசுங்கியவை நசுங்கியபடியே நின்றுவிடுகின்றன. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் விட்டுவைத்தால் காலுக்குப் போதாத அளவுக்குச் சுருங்கியும் விடுகின்றன. அவற்றில் ஒன்று வார் கிழிந்தபோது, பஸ் நிலையத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி, கிழிந்த வாயைப் பிரித்துப் பார்த்து, குத்தூசியைக்கூட எடுக்காமல் என்னிடமே நீட்டினார். “தோலுன்னா நூலைக் கவ்விப் பிடிச்சுக்கும் ஐயா. இதுல தைச்சா நூலே இதை அறுத்துக்கிட்டு வந்துடும். காசு வாங்கிட்டு உங்களை நடுரோட்டுல நிக்க வைக்கச் சொல்றீங்களா?” என்றார்.

அதற்குப் பிறகு புதுச் செருப்பு வாங்கப் போன இடத்தில், அடியை அழுத்தாமல், “இதற்கு வார் தனியாகக் கிடைக்குமா?” என்று கேட்டேன். கடைப் பையன் என்னை அனுதாபத்தோடு பார்த்து, “வாரெல்லாம் இப்ப வர்றதில்ல சார். அறுந்தா புதுசே எடுத்துக்கலாம், இதுலயே இன்னும் ரெண்டு கலர் இருக்கு” என்றான். சந்தைக்குப் பக்கத்தில் குடையும் பூட்டும் பழுது பார்க்கிற ஒருவர் மாத்திரம் நீல வார்களை இன்னும் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார். எத்தனையாம் நம்பர் என்று கேட்டுவிட்டுத்தான் கொக்கியிலிருந்து எடுக்கிறார். எட்டும் ஒன்பதும் வந்தவுடன் தீர்ந்துபோகின்றனவாம். அடுத்த கொத்தில் ஒன்பதாம் நம்பர் ஒரு ஜோடி எனக்கு எடுத்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.