மதிலும் நீரும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் ஒரு தென்னங்கன்றை நட்டு வளர்க்க முனைபவர் முதலில் இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். ஆடுமாடு கடியாதவாறு பனையோலையால் வேலி அடைத்தல் ஒன்று. மணலிற் கிணறு தோண்டி, கன்று வேர்விடும் வரை நாள்தோறும் நீர் சுமந்து ஊற்றுதல் மற்றொன்று. உலகம் வியக்கும் இஸ்லாமியப் பேரரசர்களின் பூங்காக்களும் இவ்விரண்டிலிருந்தே தோன்றின. சுற்றிலும் மதில், நடுவே நீர்.

இம்மரபின் வேர் இஸ்லாத்துக்கும் முந்தியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகப் பேரரசன் சைரஸ் பசார்கடே நகரிற் கல்வாய்க்கால்கள் சூழ்ந்த அரண்மனைத் தோட்டம் அமைத்திருந்தான். வறண்ட நிலத்து மக்களுக்கு நிழலும் ஓடும் நீருமே பேரின்பத்தின் வடிவங்கள். திருக்குர்ஆனும் சுவர்க்கத்தை ஆறுகள் பாயும் சோலையாகவே காட்டுகின்றது. நீர், பால், மது, தேன் என நால்வகை ஆறுகளை அது குறிப்பிடுகின்றது. வாய்க்கால்களால் நான்காகப் பகுக்கப்பட்ட 'சார்பாக்' என்னும் தோட்டத்தை அச்சுவர்க்கத்தின் சாயலாகப் பலரும் கண்டனர்.

1526இல் பானிபட்டில் வென்று இந்தியாவில் முகலாய ஆட்சியை நிறுவிய பாபர், இந்நாட்டிலே கண்ட பெருங்குறை ஓடும் நீர் இல்லாமையே. ஆக்ராவில் யமுனைக் கரையில் அவர் தோட்டம் அமைத்தபோது முதலில் வெட்டப்பட்டது ஒரு பெருங்கிணறு. மலரைப் பற்றிய எண்ணம் பின்னரே வந்தது. 1530இல் மறைந்து ஆக்ராவில் அடக்கப்பெற்ற அவரது உடல், பிற்காலத்தில் அவர் விரும்பிய காபூல் தோட்டத்துக்கே கொண்டு செல்லப்பட்டது.

இக்கலையின் உச்சத்தை ஷாஜகான் காலத்து லாகூரிற் காணலாம். 1641இல் தொடங்கி மறு ஆண்டில் நிறைவெய்திய ஷாலிமார் பூங்கா மூன்று படித்தளங்களைக் கொண்டது. 400க்கு மேற்பட்ட நீரூற்றுகளை உடையது. ராவி நதியிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தூரம் கால்வாய் வெட்டி நீர் கொணரப்பட்டது. மதிலுக்கு வெளியே உயர்ந்து நின்ற தொட்டிகளில் அந்நீர் நிறைந்து, தன் பாரத்தாலேயே கீழிறங்கி ஊற்றுகளாய்ப் பீறிட்டது. பூங்காவின் புகழ் அரசனைச் சேர்ந்தது. கால்வாய் வெட்டிய கைகளின் பெயர்களை யார் எழுதி வைத்தனர்?

அக்கைகளின் உழைப்பை மறந்ததன் விளைவு 1999இல் வெளிப்பட்டது. அருகிலிருந்த வீதியை அகலமாக்குவதற்காக அத்தொட்டிகள் இடிக்கப்பட்டன. அவை மதிலுக்கு வெளியே நின்றவையே. ஆயினும் அதன் உயிர்நாடி அறுந்தது. 1981இல் உலக மரபுரிமைச் சின்னமாகிய அவ்விடத்தை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிற் சேர்த்தது. 2012இலேயே அது அப்பட்டியலிலிருந்து நீங்கியது. மதிலுக்குள் இருப்பதை மட்டும் காப்பவர் தோட்டத்தைக் காப்பவர் ஆகார்.

இவ்வுண்மை லாகூருக்கு மட்டும் உரியதன்று. மன்னார்த் தீவின் மணலுக்கடியிலும் கண்காணாத ஒரு தொட்டி உண்டு. பெய்யும் மழை மணலில் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். பின்னர் எந்த வேலியும் கன்றைக் காவாது. பேரரசர்க்குக் கால்வாய் வெட்ட ஆயிரம் கைகள் இருந்தன. ஓலைத்தொடுவாயின் உழவருக்கு இருப்பதோ அந்தப் படலம் ஒன்றே. அதனைக் காத்தலே அவர்தம் தோட்டக்கலையின் முதற்பாடம்.