இதயத்தின் தூதுவன்

பெரம்பலூர், அரியலூர் மக்களுக்குச் சுண்ணாம்புக்கல் பழகிய பொருள். சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டப்படும் அக்கல்லில் உறைந்துள்ள கால்சியமே நம் இதயத்தின் தூதுவனுமாகும் என்று படித்து வியந்தேன்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இதயத்தின் ஒவ்வொரு தசைச் செல்லிலும் கால்சியத்தைச் சேமிக்கும் நுண்வலை உண்டு. ஆற்றலைப் பிறப்பிக்கும் மைட்டோகாண்டிரியாக்களும் உண்டு. இவ்விரண்டையும் புரதங்கள் பாலம்போல் பிணைக்கின்றன. இடைவெளியோ, ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறிட்டால் அவற்றுள் சில கூறே. துடிப்பு விரையும்போது நுண்வலை கால்சியத்தை அனுப்பி ஆற்றல் வேண்டுகிறது, மைட்டோகாண்டிரியா செவிசாய்க்கிறது. இத்தொடர்பு தளர்ந்தால் ஆற்றல் குன்றி இதயம் சோர்கிறது. மாரடைப்புக்குப்பின் குருதி மீண்டும் பாயும் வேளையில் கால்சியம் அளவின்றிப் புகுந்தாலோ, செல்லே மடிகிறது.

சொல்லாமையும் கொல்லும், மிகைச்சொல்லும் கொல்லும். நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற இல்லங்களில் இரண்டையும் கண்டிருக்கிறேன்: ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்து, ஆண்டுக்கணக்கில் பேசாத உடன்பிறந்தோர், உயிர் பிரியும் கட்டிலருகே பாகப்பிரிவினைக் கசப்பைக் கொட்டித் தீர்ப்போர்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் புனித பவுல் திருச்சபையை ஓர் உடலாகக் காட்டுகிறார். அருகருகே இருந்தும் ஒன்றுக்கொன்று செவிசாயாத உறுப்புகளால் எவ்வுடலும் வாழ இயலாது. நம் அன்பியங்களில் அருகிருத்தல் உண்டு. பிறர் தேவையறியும் செவி உண்டா?